நேற்று வராத வெள்ளம்

ராஜாம்பாள் பீங்கான் பட்டறையில் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தாள். சூளையில் வேலை செய்யும் அவள் கணவர் கோதண்டபாணி பேப்பரும் கையுமாக உள்ளே வந்தார்.

“கையக் கழுவிட்டு வா. நீலாவதி ஊருல வெள்ளமாம்.”

மகள் நீலாவதி கைக்குழந்தையோடு மாமியார் வீட்டுக்குத் திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கம்மாபுரத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் சிற்றூர் அது. நேற்றைய மழையில் ஏரி உடைத்துக்கொண்டு ஊரே மூழ்கிவிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்தது. கீழே ஒரு படம்: தண்ணீருக்கு மேலே கூரைகள் மட்டும் தெரிந்தன, ஓர் ஆள் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். ராஜாம்பாளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. பேப்பரைக் கணவரிடமே கொடுத்துவிட்டுப் புறப்பட்டாள்.

பஸ்ஸில் கண்டக்டரைக் கேட்டார்கள். “கம்மாபுரம் வரைக்கும் ரோடு நல்லாதான் இருக்குது. அதுக்கு அந்தாண்ட தெரியாதுங்க” என்றார் அவர்.

இறங்கி நடந்தார்கள். வழியில் ஈரம் இருந்ததே தவிர வெள்ளம் வந்த சுவடே இல்லை. ஏரிக்கரை மேல் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

“கரை அப்படியே இருக்குதே” என்றார் கோதண்டபாணி. ராஜாம்பாள் நடையை எட்டிப் போட்டாள்.

வாசலில் நீலாவதி குழந்தையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். “என்னம்மா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறீங்க?”

ராஜாம்பாள் அப்படியே தரையில் உட்கார்ந்து, எண்ணெய் வழியும் குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். அழுகைதான் வந்தது.

மருமகன் ராஜாங்கம் பேப்பரை வாங்கிப் பார்த்தான். “மாமா, இது நாலு வருசத்துக்கு முந்தி வந்த வெள்ளம். அப்ப பேப்பர்காரங்க வந்து படம் புடிச்சிட்டுப் போனாங்க, ஒரு வரி போடல. இப்ப நேத்துன்னு போட்டிருக்காங்க.”

“வயித்துல புளியக் கரைச்சிட்டானே. பெத்தவங்க படிப்பாங்களேன்னு தோண வேணாம்?” கோதண்டபாணி பேப்பரைப் பிடுங்கிக் கிழிக்கப் போனார்.

ராஜாங்கம் அவர் கையைப் பிடித்தான். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், “அம்மா, இங்க வாயேன்” என்று கூப்பிட்டான். “ஆட்டுக்குட்டியோட நிக்கிறது நம்ம அப்பா.”

அவன் அப்பா பழமலை, மகன் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டவர். சம்பந்திகள் அவரைப் பார்த்ததில்லை. அவருடைய படம் ஒன்றுகூட அந்த வீட்டில் கிடையாது.

அவன் அம்மா திரௌபதி பேப்பரை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். “கன்னமெல்லாம் ஒட்டிக் கெடக்குது பாரு. அன்னிக்குப் பூரா ஒண்ணும் சாப்புடல அவரு.”

கோதண்டபாணிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. “நாளைக்கு அந்தப் பேப்பர் ஏஜெண்ட நிக்க வச்சுக் கேக்குறேன்.”

“நல்லா கேளுங்கண்ணே” என்றாள் திரௌபதி. “பேப்பர மட்டும் திருப்பிக் குடுத்துடாதீங்க.”

ராஜாம்பாள் சிரித்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்குப் பசி தெரிந்தது. நீலாவதி சுடுசோறு போட்டுக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். மடியில் பேரனை வைத்துக்கொண்டே ராஜாம்பாள் இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.