நிறுத்திய மாத்திரை

ராஜபாளையத்தில் சேக் முகைதீன் மருந்துக்கடை வைத்துப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. மூட்டுவலி என்று வரும் வயதானவர்கள் டாக்டர் சீட்டு கொண்டுவருவதில்லை. "பாய், செட்டு குடுங்க" என்பார்கள். வலிக்கு ஒரு மஞ்சள் மாத்திரை, கூடவே பொடிசாக ஒரு வெள்ளை மாத்திரை. ஒரு வாரத்துக்குக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். அந்த வெள்ளைதான் வேலை செய்கிறது என்பதும், அது ஸ்டீராய்டு என்பதும் அவருக்குத் தெரியும். எல்லாக் கடையிலும் கொடுத்தார்கள். அவரும் கொடுத்தார்.

செட்டியார்பட்டி கருத்தப்பாண்டி நாலு வருடமாக வாங்கிக்கொண்டிருந்தார். மில்லில் நின்றே வேலை பார்த்து முட்டி தேய்ந்த மனிதர். முதல்முறை மனைவி முத்தாத்தாளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவர், மறுவாரம் தனியாக நடந்து வந்தார். போகப்போக முகம் உப்பி உருண்டையானது. ஊரில் அதைச் செழிப்பு என்றார்கள்.

1989 ஆவணியில் சேக் முகைதீன் தன் மாமனார் சாகுல் ஹமீதைச் சர்க்கரை வியாதிக்காக ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெண் டாக்டர், கிழவரின் உப்பிய முகத்தைப் பார்த்ததும் கேட்டார்.

"முட்டிவலிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"மருமகன் கடை மாத்திரைதாம்மா. மூணு வருசமாச்சு" என்றார் மாமனார் பெருமையாக.

டாக்டர் சேக் முகைதீன் பக்கம் திரும்பினார். "சர்க்கரை அதுலதான் வந்திருக்கு. எலும்பும் அரிச்சுப்போயிருக்கும். இப்படி எத்தனை பேருக்குக் கொடுக்கிறீங்க?"

சேக் முகைதீன் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு உள்ளே டாக்டர் சொன்னது எதையும் அவர் கேட்கவில்லை. சீட்டைப் பார்க்கவும் கூசியது. மாமனாரே அங்கேயே மருந்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கடையிலிருந்த வெள்ளை மாத்திரை முழுவதையும் சாக்கடையில் கொட்டினார். முதலில் வந்தவர் கருத்தப்பாண்டிதான்.

"இனி வெள்ளை கிடையாது அண்ணாச்சி. அது கெடுதல்."

"எனக்கு என்ன கெடுதல் செஞ்சுச்சு? நடக்கேன்லா?"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். வேற கடையிலயும் வாங்காதிய. எனக்காக."

கருத்தப்பாண்டி மஞ்சளை மட்டும் வாங்கி மடித்துக்கொண்டார். "நீங்க சொன்னாச் சரிதான் பாய்" என்று போனார். சொன்னபடியே வேறெங்கும் வாங்கவில்லை.

எட்டாம் நாள் முத்தாத்தாள் கடைக்கு ஓடிவந்தாள். "நாலு நாளா அவிய எந்திரிக்கவே மாட்டேங்காவ பாய். ஒரே வாந்தி. இப்பக் கண்ணு சொருகுது."

வாடகைக் காரில் அதே டாக்டரிடம் கொண்டுபோனார்கள். ரத்த அழுத்தம் பிடிபடவே இல்லை. டிரிப் ஏற்றிவிட்டு டாக்டர் விசாரித்தார்.

"மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினது யாரு?"

"நான்தாம்மா."

"உங்க மாமாவுக்கு எழுதின சீட்டைப் பார்க்கலையா? பாதியாக்கி, காலாக்கி, மாசக்கணக்கில் குறைக்கணும். இத்தனை வருஷம் ஸ்டீராய்டு வெளியிலிருந்தே கிடைச்சதால உடம்பு அதைத் தானா சுரக்கிறதை நிறுத்தியிருக்கும். நீங்க மாத்திரையையும் பிடுங்கிட்டீங்க."

கருத்தப்பாண்டி மறுநாள் பிற்பகல் இறந்தார்.

துஷ்டி வீட்டில் முத்தாத்தாள் வந்தவர்களிடமெல்லாம் சேக் முகைதீனைக் காட்டி, "நாலு வருசம் அவியள நடக்க வச்சது இந்தப் பாய்தான்" என்று அழுதாள். பதினாறு கழிந்த பிறகு அவர் போய் நடந்ததைச் சொன்னார். கொடுத்ததும் தப்பு, நிறுத்தியதும் தப்பு என்றார். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"அவியளுக்கு நேரம் வந்துட்டு. நீங்க என்ன செய்வீய?" என்றாள். பிறகு, "எனக்கும் இப்ப முட்டி பிடிக்கி பாய். அந்த வெள்ளையில நாலு இருந்தாக் குடுங்களேன்" என்றாள்.

சேக் முகைதீன் எழுந்து வெளியே வந்தார்.

கருத்தப்பாண்டி இறந்த மறுநாளே, கொட்டிய அதே வெள்ளை மாத்திரையை அவர் புதிதாக வாங்கிவைத்திருந்தார். வழக்கமாக வாங்கும் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள். வெள்ளை இல்லை என்றதும் அவர்கள் வேறு கடையில் வாங்கிச் சமாளித்திருந்தார்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், டாக்டர் சொன்ன கணக்கில் பாதி மாத்திரை கொடுத்தார். பாதியில் வலி திரும்பியது. ஒன்பது பேர் எதிர்க்கடைச் சந்தனத்திடம் போய்விட்டார்கள். சந்தனத்திடம் போய்க் கெஞ்சினார்.

"நான் குடுக்கலேன்னா தளவாய்புரத்துல வாங்குவாவ பாய். ஒங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

பத்தாவது ஆள் ஊரைவிட்டே போய்விட்டார். கடைசிவரை குறைத்து முற்றிலும் நிறுத்தியவர் இருளப்பசாமி ஒருவர்தான். ஏழு மாதம் ஆனது. அவர் முகம் வற்றிப் பழையபடி ஆனது. முட்டி இரண்டும் மடங்கவில்லை. கொல்லைக்குப் போகவும் மகன் தூக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரும் முட்டி இனித் தேறாது என்றுவிட்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சேக் முகைதீன் அவரைப் பார்க்கப் போவார். ஒருநாள் இருளப்பசாமி கட்டிலில் கிடந்தபடியே சொன்னார்.

"நடக்க வச்சதும் நீரு. முடக்கிப் போட்டதும் நீரு. செத்தாலும் நடந்துக்கிட்டே செத்திருப்பேன்வே."

சேக் முகைதீன் வலிக்கான தைலத்தை ஜன்னலோரம் வைத்தார். இருளப்பசாமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.