ஆரஞ்சு வேகும் மதியம்

அந்த வீட்டுச் சமையலறைக்குள் மதிய நேரத்தில் கடல் வந்துவிடும். தண்ணீராக அல்ல, வெளிச்சமாக. ஜன்னலுக்குக் கீழே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் துறைமுகம். அலைமேல் விழுந்த வெயில் துள்ளி வந்து மேற்கூரையில் வலைவலையாக ஆடும். அந்த வலைக்குக் கீழே நின்றுதான் அவன் மனைவி கேக் செய்தாள். அவள் போன பிறகு அவன் ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டான். ஆறிய காபி, கடை ரொட்டி என்று நாள் ஓடியது.

இன்று அந்தத் திரையை விலக்கியது அக்கா. மனைவியின் அக்கா. வந்ததும் வராததுமாக ஒரே இழுப்பில் ஒதுக்கிவிட்டாள்.

"என்ன தம்பி, வீட்டைக் குகை மாதிரி வெச்சிருக்கீங்க? வௌவால்கூட வாடகைக்கு வராது."

பின்னாலேயே ஒரு கூடை ஆரஞ்சைச் சுமந்துகொண்டு அவள் கணவர் படியேறி வந்தார். அவனுக்குச் சகலை. கூடையை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"வௌவால் வந்தா நல்லதுதான் சகலை. பழத்தையாவது அது தூக்கும். என் முதுகு போச்சு."

விஷயம் இதுதான். துறைமுகத்துக் காபிக் கடையில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. அதன் மேல்தட்டு அவன் மனைவியுடையது. ஆரஞ்சைத் தோலோடு முழுதாக வேகவைத்து, விதையை எடுத்துவிட்டு மசித்து, பாதாம் பொடியும் முட்டையும் சர்க்கரையும் கலந்து சுடும் கேக். மாவே கிடையாது. வெயிலைத் துண்டு போட்டு அடுக்கியது போல இருக்கும். அவள் இறந்த பின்னும் கடைக்காரம்மா அந்தத் தட்டில் வேறு எதையும் வைக்கவில்லை. போன வாரம்தான் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "உன் தங்கச்சி செஞ்ச மாதிரியே செய்ய முடிஞ்சா தட்டு உனக்கு. இல்லேன்னா நான் பிஸ்கட் டப்பா வெச்சுக்கறேன். எத்தனை நாளைக்குத்தான் காலித் தட்டைத் துடைக்கறது?" இன்று சாயங்காலம் ருசி பார்க்க வருகிறாள்.

அக்காவுக்கு அளவெல்லாம் கைவந்தது. தெரியாதது ஒன்றுதான்: எப்போது எடுப்பது. குச்சி குத்திப் பார்த்தால் வெந்த கேக்கிலும் ஈரம் ஒட்டும். கடிகாரத்தை நம்பவும் முடியாது. பழத்துக்குப் பழம் சாறு மாறும். ஓவனோ கிழட்டு ஓவன், அதன் இஷ்டத்துக்குக் காயும். ஆகவே அந்த 'எப்போது' மட்டும் அவனுடைய இலாகாவாக இருந்தது.

மனைவிக்குச் சின்ன வயதிலேயே ஒரு காய்ச்சலில் மோப்பம் போய்விட்டது. வாசனை என்றால் என்னவென்றே தெரியாமல் வாசனைப் பண்டம் செய்தவள் அவள். பக்கத்து அறையில் அவன் யாருக்கோ வீட்டு வரைபடம் போட்டுக்கொண்டிருப்பான். "மூக்கரே, கொஞ்சம் வாங்க" என்று குரல் வரும். போய் ஓவன் பக்கத்தில் நின்று முகர்ந்து பார்ப்பான். "இன்னும் பச்சை வாசம்" என்பான், அல்லது "இப்ப" என்பான். அவ்வளவுதான் வேலை. ஆனால் தன் மூக்கு இல்லாமல் அந்த வீட்டில் ஒரு கேக்கும் வேகாது என்கிற கர்வம் அவனுக்கு இருந்தது.

அக்காவுக்குத் தெரியாதது இன்னொன்றும் இருந்தது. மனைவி போன நாளிலிருந்து அவனுக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. சோப்பு, பெட்ரோல், மழை எல்லாம் ஒன்றுதான். டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவள் தனக்கென்று விட்டுப்போன ஒரே வேலை அது. அதுவும் போயிற்று என்று சொல்ல வாய் வரவில்லை.

பெரிய பாத்திரத்தில் ஆரஞ்சுகள் மிதந்து மிதந்து வெந்தன. ஆவி ஜன்னல் கண்ணாடியில் படிந்தது. கப்பல்கள் கலங்கின, பிறகு கரைந்தன. சகலை நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார்.

"ஆகா, என்ன வாசம்! என் கொழுந்தியாளே வந்து நிக்கற மாதிரி இருக்கு."

அவன் மூச்சை இழுத்தான். சூடு மட்டும் வந்தது.

அக்கா கலவையை ஓவனுக்குள் வைத்தாள். வீடு மெல்ல மந்தமாகியது. வெளிச்ச வலை சுவரில் இறங்கி, அலமாரியில் ஏறி, தொங்கும் கரண்டிகளைத் தொட்டுவிட்டுப் போனது. பக்கத்து அறையிலிருந்து யாரோ கூப்பிடப்போகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஆனால் அவன் நின்றதே சமையலறையில்தான். அந்தப் பக்கத்து அறையில் இருக்கவேண்டியவன் அவன்தான்.

"தம்பி, என்ன சொல்லுது உங்க மூக்கு?"

மூவரும் ஓவனைப் பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் மேல்புறம் தவிட்டு நிறமாகியிருந்தது. நிறத்தைப் பார்த்தே அவன் சொன்னான்.

"இப்ப எடுங்க."

எடுத்தார்கள். தட்டில் கவிழ்த்ததும் கேக் ஒரு பெருமூச்சு விட்டது. நடுப்பகுதி குழிந்து கூழாக வழிந்தது.

சகலைதான் ஸ்பூனை எடுத்து ஒரு வாய் போட்டுப் பார்த்தார்.

"குடிக்கற கேக். உலகத்துலேயே மொத தடவை."

"சும்மா இருங்க நீங்க" என்றாள் அக்கா. அவன் பக்கம் திரும்பினாள். "ஒரு தடவைகூடத் தப்பினதில்லையே தம்பி. அவ சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவாளே."

"எனக்கு வாசனை தெரியலக்கா."

"எதனால? ஜலதோஷமா?"

"அவ போனதுலேருந்து. எதுவும் தெரியல. சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னு…"

அக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"அவளுக்கும் மூக்கு இல்ல, உங்களுக்கும் இல்ல. நல்லாப் பொருத்தம் பாத்துதான் கட்டிவெச்சிருக்கோம்" என்றாள். சிரிப்பாகத்தான் தொடங்கினாள். பாதியில் குரல் உடைந்தது. உடனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மீதி ஆரஞ்சை மசிக்கப் போய்விட்டாள். "இன்னொண்ணு போடலாம். வெந்தா வேகுது. இல்லேன்னா அந்தம்மா பிஸ்கட் வெச்சுக்கட்டும்."

இரண்டாவது கேக் உள்ளே போனது. சகலை நாற்காலியிலேயே தூங்கிப்போனார். வெயில் சாய்ந்து, அறை முழுக்கத் தேன் நிறமானது. துறைமுகத்தில் ஏதோ படகு நீளமாக ஊதியது, தூக்கத்தில் கேட்பது போல. அக்கா பாதாம் தோல்களைக் கூட்டி அள்ளினாள். அவன் ஓவன் முன்னால் குந்தி உட்கார்ந்தான். முகர்ந்து பார்க்க அல்ல. வேறு எங்கே போவதென்று தெரியவில்லை.

சிறிது நேரம் கழித்துக் கதவைத் திறந்தான். அனல் கண்ணில் அறைந்தது. சட்டென்று முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டான்.

அப்போது கேட்டது. சின்னச் சின்ன வெடிப்பு. ஈர மணலில் அலை வடியும்போது எழுமே, அந்த மாதிரி மொறுமொறுவென்ற சத்தம். கேக்குக்குள்ளிருந்து வந்தது.

அவன் அசையாமல் அப்படியே இருந்தான்.

அவளும் இப்படித்தான் செய்வாள். கதவைத் திறந்து, முகத்தை ஒருபுறம் சாய்த்துக்கொள்வாள். சூடு தாங்காமல் திருப்பிக்கொள்கிறாள் என்றுதான் அவன் இத்தனை காலம் நினைத்திருந்தான். அவள் காதைக் கொடுத்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் 'மூக்கரே' என்று கூப்பிடுவாள். 'இன்னும் பச்சை' என்று அவன் சொன்ன நாட்களில் பிடிதுணி அவள் தோளில் கிடந்தது. 'இப்ப' என்று சொன்ன நாட்களில், அவன் வாசல் தாண்டி உள்ளே வரும்போதே அது அவள் இரண்டு கையிலும் சுற்றியிருந்தது.

"என்ன தம்பி, காலு மரத்துப்போச்சா?"

"உஷ்" என்றான்.

கதவை மூடி, மறுபடி திறந்தான். சத்தம் குறைந்திருந்தது. தூறல் விடும் நேரத்தில் ஒன்றிரண்டு சொட்டு விழுவது போல ஆங்காங்கே ஒன்று, பிறகு ஒன்று. இன்னொரு முறை மூடினான். காத்திருந்தான். திறந்தபோது கேக் பேசி முடித்திருந்தது.

"இப்பக்கா."

கவிழ்த்தார்கள். முழுதாக நின்றது. எலுமிச்சையும் தேனும் கலந்து ஊற்றியதும் ஓரமெல்லாம் மினுமினுத்தது. அக்கா ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றாள்.

"அவ கைதான்" என்றாள் கடைசியில். "மூக்கு வந்துடுச்சா தம்பி?"

"இல்லக்கா." காதைத் தொட்டுக் காட்டினான். நடந்ததைச் சொன்னான். சொல்லி முடித்தபோது அவன் குரல் அவனுக்கே அன்னியமாகக் கேட்டது. "அவளுக்கு நான் தேவையே இல்ல. எப்பவுமே தேவைப்படல. எல்லாம் அவளுக்கே தெரிஞ்சிருக்கு."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தேவைன்னா யாரு வேணா கூப்பிடுவாங்க. தேவையில்லாம ஒருத்தி இத்தனை வருஷமாக் கூப்பிட்டிருக்கா. இந்த மனுஷனை நான் வேலை இருந்தாத்தான் கூப்பிடுவேன்."

"நான் முழிச்சுத்தான் இருக்கேன்" என்றார் சகலை, கண்ணைத் திறக்காமலே.

அவன் ஒரு துண்டு எடுத்துக் கடித்தான். நாக்கில் இனிப்பு தெரிந்தது, ஓரத்தில் தோலின் மெல்லிய கசப்பு. வாசனை இல்லை. ஈரம். சூடு. அது போதும் போல இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சாப்பிட்டான், மற்றவர்கள் முகம் பார்க்காதபடி.

கீழே சாலையில் கடைக்காரம்மா குடை பிடித்துக்கொண்டு வருவது தெரிந்தது. அக்கா அவசரமாக நல்ல தட்டைத் தேடினாள்.

"தட்டு கிடைச்சா வாராவாரம் இங்கதான் செய்யப்போறேன், சொல்லிட்டேன். என் வீட்டு ஓவனுக்கு இந்தப் பொறுமை கிடையாது."

"செய்யுங்கக்கா. எப்ப எடுக்கறதுன்னு இனிமே உங்களுக்கே கேக்கும்."

"கேட்டாலும் கூப்பிடுவேன்" என்றாள் அவள், தட்டைத் துடைத்தபடி. "அடுத்த ரூம்லதானே இருப்பீங்க?"

அவன் ஜன்னலைவிட்டுத் திரும்பாமலே சொன்னான்.

"கூப்பிடுங்க. வரேன்."