வாஷ்பேசின் நாட்டின் தட்பவெப்பம்

விருத்தாசலம் செராமிக் கம்பெனி ஒன்றில், விரிசல் இருக்கிறதென்று ஒதுக்கப்பட்டு, கோதண்டபாணி தள்ளுபடியில் வாங்கிவந்த வாஷ்பேசினுக்குள் ஒரு நாடு இருந்தது. சோப்பு வைக்கும் மேடுதான் அதன் மலை. தண்ணீர் இறங்கும் துளையை அந்நாட்டார் ஏரி என்றார்கள். அதில் ஒருநாளும் தண்ணீர் நின்றதில்லை. மக்கள்தொகை நானூற்றுப் பன்னிரண்டு, ஆடுகள் தனி. வாங்கும்போது பார்க்கவில்லையா என்று மனைவி அமிர்தம் கேட்டாள். விரிசலைத்தான் பார்த்தேன் என்றார்.

பத்தொன்பது வருடமாகத் தோட்டத்துக் குழாயில் குனிந்து முகம் கழுவியவள் அவள். "வெள்ளிக்கெழம பிளம்பர் அன்பரசன் வரான். அதுக்குள்ள அவங்கள காலி பண்ணச் சொல்லிடுங்க."

"நானூறு பேரு எங்க போவாங்க அமிர்தம்?"

"என் இடுப்பு மட்டும் எங்க போவும்?"

தெருவுக்கே மனு எழுதித் தருபவர் கோதண்டபாணி. வெளியாட்கள் வந்து பார்த்துப் போகிற இடத்தை யாரும் லேசில் காலி செய்வதில்லை என்பது அவர் கணக்கு. ஆகவே 'வருகை தருவோருக்கு ஓர் அறிமுகம்' என்று தலைப்பிட்டு நான்கு நாட்கள் உட்கார்ந்து எழுதினார். வரலாறு: ஒரு செவ்வாய்க்கிழமை சூளையில் பதினொரு மணி நேரம் வெந்து உண்டான நாடு, அதன்பிறகு குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. நிலம்: வெள்ளை, வழுக்கும். தட்பவெப்பம் என்ற இடத்தில் பேனா நின்றது. இதமானது என்று எழுதியிருக்கலாம். ஆனால் உடம்புக்கு முடியாத நாளில் கடிதத்தில் 'நலம்' என்று எழுதாத மனிதர் அவர். 'மழை: கிடையாது' என்று எழுதினார். பிரதி எடுத்து பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளில் ஒட்டினார். நாட்டுக்குள்ளும் ஒன்று கொடுத்தார், கூடவே மனு எழுதும் முறையையும் கற்றுத் தந்தார்.

வந்தது ஒரே ஒருவர், வளைகுடாவிலிருந்து திரும்பிய மங்கலம்பேட்டை சாதிக். விளிம்பில் கால் வைத்ததும் அவரும் அந்நாட்டாரின் அளவுக்குச் சிறுத்துப்போனார். கழற்றிவிட்ட செருப்பு மட்டும் பழைய அளவில் வெளியே கிடந்தது. பத்து நிமிடத்தில் ஏறி வந்துவிட்டார். "மழ இல்லாத ஊர பதினாலு வருசம் பாத்துட்டேன் சார். இன்னொண்ணு எதுக்கு?"

வெள்ளிக்கிழமை அன்பரசன் துளைபோடும் மெஷினோடு வந்தான். கோதண்டபாணி பேசினை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தார். அப்போது நாட்டார் விளிம்புக்கு வந்து ஒரு மனுவை நீட்டினார்கள். அவர் கற்றுத் தந்த முறைப்படியே எழுதியிருந்தார்கள். பெறுநர் மட்டும் அவர் இல்லை, அமிர்தம் அம்மா அவர்கள். மழை என்று ஒன்று உலகத்தில் உண்டென்பதே எங்களுக்கு அறிமுகத்தைப் படித்துத்தான் தெரிந்தது. தயவுசெய்து எங்கள் நாட்டைச் சுவரில் மாட்டி, மேலே குழாய் வைத்துத் தரவேண்டும்.

கோதண்டபாணி இரண்டு முறை படித்தார். எழுத்துப்பிழை இல்லை. எழுந்து வழிவிட்டார்.

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு அமிர்தம் நிமிர்ந்து நின்று முகம் கழுவினாள். அதுவே அந்நாட்டின் முதல் பருவமழை. தண்ணீர் வெளியேறும் குழாய் வளைவில் சிக்கிய இரண்டு ஆடுகளை அன்பரசன் மீட்டுக் கொடுத்தான். மறுவாரம் துளைக்கு மூடி வந்தது, ஏரி நிறைந்தது. சோப்பு பயிருக்கு ஆகவில்லை என்று இன்னொரு மனு வந்ததும் அமிர்தம் பயத்தமாவுக்கு மாறினாள். அது நல்ல உரம் என்றார்கள். கோதண்டபாணி தட்பவெப்பத்தைத் திருத்தினார்: 'மழை தினமும் காலை ஆறு பத்து, மாலை ஐந்தே முக்கால். அமிர்தம் வெளியூர் போனால் வறட்சி.'

அதன்பிறகு நல்லூர் பக்கத்து விவசாயிகள் பஸ் பிடித்து வரத் தொடங்கினார்கள். முக்காலியில் ஏறி உள்ளே இறங்கி, சொன்ன நேரத்துக்குப் பெய்யும் மழையில் நனைந்துவிட்டுப் போனார்கள். கருப்பன் என்பவர் அங்கேயே இரண்டு காணி குத்தகைக்கு எடுத்துத் தங்கிவிட்டார்.

சென்ற மாதம் ஸ்ரீமுஷ்ணம் தேருக்குப் போன அமிர்தத்தை, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகச் சொல்லித் தங்கை கயல்விழி கையைப் பிடித்தாள். அமிர்தம் பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க வூட்ல நாத்து வுட்டிருக்காங்கடி. சாயங்காலத்துக்குள்ள மூஞ்சி கழுவணும், போயிட்டு வரேன்."