நூறு மீற்றர் தங்கம்

மன்னார் மீன் சந்தைக்கு முன்னால் நடுத்தெருவில் நின்ற கழுதைக்கு விலகப்போய் அருள்நாயகி சைக்கிளோடு விழுந்தாள். முழங்கால் சில்லில் வெடிப்பு, ஆறு கிழமைக்குக் கால் ஊன்றக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி விட்டார்கள். நண்டுக் கொம்பனியில் பதினொரு வருசமாக வேலை செய்கிறவள் அவள். அவித்த நண்டின் ஓட்டை உடைத்து, சதையைச் சிதையாமல் வழித்தெடுக்கிற வேலை. மேசையில் அவளுடைய பெருவிரல்களின் வேகத்துக்கு ஈடு கொடுக்க ஒருவருமில்லை. ஆனால் அதை அவளிடம் சொன்னவர்களும் ஒருவருமில்லை.

கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தவளுக்கு மூன்றாம் நாளே பைத்தியம் பிடிக்கும் போல் இருந்தது. உயர்தரம் படிக்கிற மகள் சுவேதினிதான் போனில் ஒரு கேமைப் போட்டுக் கொடுத்தாள். நாடுகள் எல்லாம் கூடி விளையாடும் உலக விளையாட்டு விழா அது. நீச்சல், ஈட்டி எறிதல், பாய்தல் என்று இருபது போட்டிகள். பெயரைக் கொடுத்து நாட்டைத் தெரிவு செய்தால் உயரமான பெண்ணொருத்தி சிங்கக்கொடி போட்ட சட்டையோடு திடலில் வந்து நிற்பாள். நூறு மீற்றர் ஓட்டத்துக்கு இரண்டு பொத்தான்கள். இடம், வலம், இடம், வலம் என்று மாறி மாறி அழுத்த வேண்டும். வேகமாக அழுத்தினால் வேகமாக ஓடுவாள்.

அருள்நாயகி முதல் நாள் கடைசியாக வந்தாள். இரண்டாம் நாள் பொத்தான்களை நண்டுக் கால்கள் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளை ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. இரண்டாம் கிழமை முடிவில், உலகம் முழுக்க விளையாடியவர்களின் பட்டியலில் அவள் பெயர்தான் முதலில் நின்றது. திரையில் அந்த உயரமான பெண் மேடையேறித் தங்கப் பதக்கத்தைக் கடித்தாள். கீழே ஆங்கிலத்தில் அருள்நாயகி, சிறீலங்கா என்று எழுதியிருந்தது.

சுவேதினி அந்தத் திரையைப் படமெடுத்து வட்ஸ்அப் ஸ்ரேற்றஸில் போட்டாள். கனடாவில் இருந்த சித்தப்பா அதை எடுத்து ஊரின் பேஸ்புக் பக்கத்தில் போட்டு, சர்வதேசப் போட்டியில் எங்கள் மண்ணின் மகளுக்குத் தங்கம் என்று எழுதினார். அடுத்த நாள் காலைப் பூசை முடிய பாதர் அதை அறிவித்தார். மத்தியானத்துக்கு முன் சந்தியில் ஆளுயரப் பனர் கட்டியாயிற்று. அருள்நாயகியின் தேசிய அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போட்டிருந்தார்கள். தங்கம் வென்றவளின் முகத்தில் சாவீட்டுக் களை தெரிந்தது.

பனர் கட்டியவன் றொகான், இளைஞர் கழகத்தின் செயலாளர். வாழ்த்துச் சொல்ல வந்தவனிடம் அருள்நாயகி விசயத்தை முதலில் இருந்து விளங்கப்படுத்தினாள். தான் எங்கேயும் போகவில்லை, ஓடவில்லை, எல்லாம் போனில்தான் நடந்தது என்று சொன்னாள். றொகான் பொறுமையாகக் கேட்டான்.

"இப்ப எல்லாமே ஒன்லைன்தானே அக்கா. கொரோனா நேரம் பூசையே போனிலதானே கண்டனாங்கள். அது பூசை இல்லையெண்டு ஆரும் சொன்னதே?"

றொகானின் கண் கட்டுப்போட்ட காலில் விழுந்தது. இந்தக் காலோடா ஓடி வென்றீர்கள் என்று மெல்லிய குரலில் கேட்டான். ஓடினபிறகு உடைந்ததா, உடைந்தபிறகு ஓடினதா என்பதை ஊர் தானே தீர்மானித்துக்கொண்டது. இரண்டாவதுதான் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

பாராட்டு விழா ஞாயிற்றுக்கிழமை பாடசாலை மண்டபத்தில் நடந்தது. கொம்பனி முகாமையாளர் மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினார். பதினொரு வருசத்தில் அவர் அவளுடைய பெயரை உச்சரித்தது அன்றைக்குத்தான், அதையும் அருள்ராணி என்று உச்சரித்தார். பிரதம விருந்தினர் கிராமத்துப் பெண்களின் கால்களில் உள்ள வலிமையைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார். கடைசியில் ஒலிவாங்கியை அருள்நாயகியின் கையில் கொடுத்தார்கள்.

"நான் ஓடேல்லை," என்றாள் அவள். "இது போனில விளையாடுற கேம். என்ர காலைப் பாருங்கோ, இதோட ஆராவது ஓடுவினமே?"

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் இப்படியொரு தாழ்மையா என்று பிரதம விருந்தினர் கண்ணைத் துடைத்தார். அருள்நாயகி தேவையான அளவுக்கு முயன்றுவிட்டதாக முடிவு செய்து, மாலையைச் சரிசெய்துகொண்டு கதிரையில் இருந்தாள். உண்மையில், மாலை கழுத்தில் கிடப்பது அவ்வளவு மோசமாக இல்லை.

பூச்செண்டு கொடுத்தவள் டிலோஜினி. கொம்பனியில் அருள்நாயகிக்குப் பக்கத்து மேசை, இருபது வயது. மெய்யாகவே ஓடுகிறவள். போன வருசம் மாகாணப் போட்டியில் மூன்றாவதாக வந்தாள். அதற்குப் பனரும் இல்லை, பாதரும் சொல்லவில்லை. அவள் குனிந்து காதுக்குள் கேட்டாள்:

"அக்கா, கடைசி இருபது மீற்றரில எனக்கு வேகம் விழுகுது. நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

அருள்நாயகி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். "பெருவிரலைத் தளர விடாத."

டிலோஜினி தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். நன்றாக யோசித்துத் தலையாட்டினாள். எந்தப் பெருவிரல் என்று திருத்துவதற்குள் படம் எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அடுத்த மாதம் அருள்நாயகி தடியோடு நடக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு சனிக்கிழமை போனைத் திறந்தபோது பட்டியலில் முதலிடத்தில் பிரேசில்காரி ஒருத்தியின் பெயர் நின்றது. அருள்நாயகி நூற்றில் ஒரு செக்கன் பின்னால். காலையில் இருந்து மத்தியானம் வரை முயன்றாள். பெருவிரல் இரண்டும் வீங்கியதுதான் மிச்சம்.

பின்னேரம் றொகான் வந்தான். அவனுக்கு இதற்கிடையில் யாரோ அந்தக் கேமைக் காட்டியிருந்தார்கள். பனரைக் கழற்றிச் சுருட்டிக் கையிடுக்கில் வைத்திருந்தான். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னான்:

"விடுங்கோ அக்கா. ஒரு போன் கேம்தானே."

"ஆர் சொன்னது?" என்றாள் அருள்நாயகி.

போன மாதம் மண்டபத்துக்கே அதைச் சொன்னவள் அவள்தான். இப்போது அவன் வாயில் கேட்கும்போது மட்டும் பொறுக்க முடியவில்லை. பூசைக்கு மட்டும் ஒன்லைன் சரி, எனக்கு மட்டும் கேமா என்று கேட்டாள். றொகான் பனரை வாசலில் வைத்துவிட்டு, கூட்டம் இருக்கிறது என்று போய்விட்டான்.

அவன் போன கையோடு டிலோஜினி வந்தாள். மாவட்டப் போட்டியில் இருந்து நேராக வந்திருந்தாள். முழங்கால் வரை செம்மண். இரண்டாமிடம் என்றாள். முதலாவதாக வந்தது வெள்ளாங்குளத்துப் பிள்ளையாம்.

"எவ்வளவு வித்தியாசம்?"

"ஒரு சாண் வராது அக்கா."

மற்ற நேரமாக இருந்தால் அருள்நாயகி இரண்டாமிடமும் பெரிசுதான் என்று சொல்லியிருப்பாள். இன்றைக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. பக்கத்தில் இருந்த கதிரையை இழுத்துப் போட்டாள்.

"எனக்கும் அப்பிடித்தான்," என்றாள். "பிரேசில்காரி."

டிலோஜினி இருந்தாள். அருள்நாயகி வீங்கிய பெருவிரல்களை நீவினாள், டிலோஜினி முழங்காலில் காய்ந்த செம்மண்ணை உதிர்த்தாள். உள்ளே சுவேதினி தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டது.