எல்லாப் பதிப்புக்கும் ஒரே கோப்பு

எங்கள் பள்ளத்தாக்கில் இலையுதிர் காலம் வந்துவிட்டால் ஆண், பெண் என்றில்லாமல் எல்லோரும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கடமான் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். வங்கியில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருப்பார். வேட்டைக்குப் போயும் பாதியில் திரும்ப வேண்டியிருந்து தவித்தவள் எனக்குத் தெரிந்து குன்வோர் ஒருத்திதான். அதற்குக் காரணம் பைத்தான்.

பாம்பு அல்ல, கணினி மொழி. எங்கள் பள்ளத்தாக்கில் ஓடும் குளோம்மா ஆற்றில் எப்போது, எவ்வளவு வெள்ளம் வரும் என்று முன்கூட்டியே சொல்லும் சின்ன நிலையத்தில் குன்வோரும் நானும் அடுத்தடுத்த மேசைக்காரர்கள். அந்தக் கணக்கைப் போடும் நிரலை எழுதியவள் அவள்தான். பைத்தானில் மட்டும் எழுதினால் வேகம் போதாது என்று அதன் மையப் பகுதியை சி மொழியில் எழுதி, இயந்திரம் நேராகப் படிக்கும் கோப்பாகத் தொகுத்துப் பைத்தானோடு சேர்த்திருந்தாள். 'நீர்நாய்' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தாள்.

பைத்தானின் ஒரு பதிப்புக்கென்று தொகுத்த நீர்நாய் அடுத்த பதிப்பில் ஏறாது. இதுதான் தொல்லை. நீர்நாயைப் பயன்படுத்துகிறவர்களில் அணைக்கட்டில் ஒரு பழைய பதிப்பு, ஆற்றின் மேல்பக்க நகராட்சியில் இன்னொன்று, பல்கலைக்கழகத்தில் வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தொகுத்து, சோதித்து அனுப்ப வேண்டும். இது போதாதென்று ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு புதிய பதிப்பு வரும். வந்த அன்றைக்கே ஆற்றின் கீழ்ப்பக்க நகராட்சியில் வேலை செய்யும் இங்குன் அதை நிறுவிவிடுவாள். நிறுவிய கையோடு தொலைபேசியில் அழைப்பாள்.

"குன்வோர், நீர்நாய் செத்துப்போச்சு."

"உன்னை யாரு இன்னைக்கே மாத்தச் சொன்னது?"

"புதுசு வந்திருக்குன்னு தெரிஞ்சா என் கை சும்மா இருக்காதே!"

குன்வோர் காட்டிலிருந்து இறங்கி வருவாள். வேட்டை முடியும்வரை அலுவலகத்தில் தொகுத்துக்கொண்டிருப்பாள். அவளுடைய அண்ணன் ஹால்ஸ்டைன்தான் வேட்டைக் குழுவின் தலைவர். வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு பொட்டலம் இறைச்சியை அவள் மேசையில் வைத்து, "கம்ப்யூட்டர்ல ஏதாவது சுட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

போன கோடையில் நான் அவளிடம் பேச்சை எடுத்தேன். எந்தப் பதிப்பிலும் மாற்ற மாட்டோம் என்று பைத்தான்காரர்கள் வாக்குக் கொடுத்த செயற்கூறுகள் கொஞ்சம் உண்டு. அவற்றை மட்டும் பயன்படுத்தி எழுதினால், ஒரு தடவை தொகுத்த கோப்பு இனி வரும் பதிப்புகளிலும் ஓடும். விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று, அவ்வளவுதான். குன்வோருக்கு அது தெரியாமலில்லை. பிடிக்கவில்லை.

"இப்ப நான் நேரா பைத்தானோட சமையலறைக்குள்ள புகுந்து பானையிலேர்ந்து எடுத்துக்கறேன். நீ சொல்றபடி செஞ்சா, ஒவ்வொரு எண்ணுக்கும் வாசல்ல நின்னு மணியடிச்சுக் கேக்கணும்."

"எவ்வளவு நேரம் கூடுதலாகும்?"

"ரெண்டு நொடி வேலை மூணு நொடியாகும்."

"ஆறு மலையிலேர்ந்து இங்க வந்து சேர ஒரு பகல் முழுக்க ஆகுது. நீ ஒரு நொடிக்கு அழறியே!"

அவள் நாற்காலியைத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலையில் போனபோது பழைய நிரலைப் பிரித்துப் போட்டிருந்தாள். "மூணு நொடி. சரி. அதுக்கு மேல ஒரு இம்மி கூடக் கூடாது" என்றாள்.

வேலை நினைத்ததைவிட இழுத்தது. பைத்தானின் உள்ளே அவள் நேராகக் கைவைத்திருந்த இடங்களையெல்லாம், கோப்பைத் தொகுக்கும் மென்பொருள் பிழை பிழையாகத் திரையில் கொட்டியது. எல்லாவற்றையும் சரிசெய்து ஓடவிட்டால் கணக்கு சரியாக வந்தது. ஆனால் கணினியின் நினைவகம் நிரம்பிக்கொண்டே போய்க் கடைசியில் இயந்திரமே மூச்சை நிறுத்தியது. புதிய முறையில் எடுத்த ஒவ்வொன்றையும் வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓரிடத்தில் கொடுக்காமல் விட்டிருந்தாள். அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்ததும் மேசையைக் குத்தி, "திருட்டு நீர்நாயே!" என்று கத்தினாள். அணைக்கட்டின் கணினி மட்டும் இதற்கெல்லாம் ஒத்துவராத கிழம். அதற்குப் பழைய கோப்பையே விட்டுவைத்தோம்.

அக்டோபர் வந்தது. புதிய பதிப்பு வெளியான அன்று குன்வோர் காட்டில் இருந்தாள். காப்பிக் குடுவை சுமக்கும் ஆளாக நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விடிந்து வெகு நேரமாகியும் யாரும் அழைக்கவில்லை.

"இங்குன் ஏன் கூப்பிடலே?" என்று கிசுகிசுத்தாள்.

"கூப்பிடலேன்னா நல்லதுதானே."

"உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ."

அப்போதுதான் பிர்ச் மரங்களுக்கு நடுவே அது வந்தது. பெரிய ஆண் கடமான். சேற்றில் கால் வைக்கும் சத்தம்கூடக் கேட்டது. குன்வோர் துப்பாக்கியை மெல்ல உயர்த்தினாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவள் சட்டைப் பையில் தொலைபேசி அலறியது.

ஒரே பாய்ச்சல். மான் போய்விட்டது.

"வேலை செய்யுது!" என்று இங்குன் கத்தியது எனக்கே கேட்டது. "புதுசைப் போட்டுட்டேன், நீர்நாயைத் தொடவே இல்லே, அதுவா ஏறி ஓடுது! ஏன் பேச மாட்டேங்கறே? சந்தோஷமில்லையா?"

குன்வோர் வாயைத் திறப்பதற்குள் வேட்டைக் குழுவினர் பேசிக்கொள்ளும் கைவானொலியில் ஹால்ஸ்டைனின் குரல் வந்தது. "எவ அது காட்டுக்குள்ள மணியடிச்சவ?"

"நான்தான். உன் பக்கம்தான் ஓடி வருது, பாத்துக்கோ!"

பிறகு, "போயிருச்சு" என்றார் தணிந்த குரலில்.

"ஏன் சுடலே?"

"துப்பாக்கி மரத்துல சாஞ்சிருந்தது. நான் வேற ஒரு மரத்துப் பக்கம் நின்னுட்டிருந்தேன்."

எதற்காக என்று யாரும் கேட்கவில்லை. வானொலியில் குழு முழுவதும் சிரித்தது. குன்வோர் பாசியில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள். இங்குன் இன்னும் இணைப்பிலேயே இருந்தாள். "எனக்கும் சொல்லுங்களேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு அடங்கியதும் குன்வோர் துப்பாக்கியை மடியில் கிடத்தினாள். "இனிமே நான் யாருக்கும் தேவைப்பட மாட்டேன், இல்ல?" என்று கேட்டாள். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை.

"தேவைப்படுவே. வேற எதுக்காவது."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் காப்பி இருக்கு."

குடுவையை வாங்கிக்கொண்டாள். தொலைபேசியை அணைத்து என் பையில் போட்டாள். அந்த வாரக் கடைசியில் ஓர் இளம் மானைச் சுட்டாள். வானொலியில் சொல்வதற்கு முன் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஈரமான கழுத்தில் கையை வைத்தாள். அவளை அவசரமாகக் கூப்பிட இப்போது யாருமில்லை.