ஹோரஸ் டாங்க்ஸ்மேல் பெய்யாத மழை

வேலைநிறுத்தத்தின் ஒன்பதாவது வாரத்துச் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஹோரஸ் டாங்க்ஸ்மேல் மழை பெய்வதில்லை. இங்கிலாந்தின் வில்லன்ஹாலில் வருடத்தில் பாதி நாள் மழை என்பதால் இந்தச் செய்தி ஊருக்குத் தெரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவரைச் சுற்றி, கை நீட்டினால் எட்டுகிற தூரத்துக்கு, தரை வட்டமாகக் காய்ந்து கிடக்கும். அவர் நடந்தால் வட்டமும் கூடவே நடக்கும். பூட்டுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் சாவிக்குப் பல் வெட்டியவர் அவர். அந்தச் செவ்வாய்க்கிழமை, கூட வேலை பார்த்தவர்கள் முன்வாசலில் தகர டிரம்மில் கரி மூட்டிக்கொண்டு மழையில் நின்றபோது, அவர் கால்வாய்ப் பக்கமாகச் சுற்றிப் பின்வாசல் வழியாக உள்ளே போய்விட்டார். வீட்டில் ஒன்றும் பட்டினி இல்லை. மனைவி மேவிஸ் ரொட்டிக்கடையில் வேலை பார்த்தாள், அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. சாமான் கிடங்குக்கு உன்னைப் பொறுப்பாக்குகிறேன் என்று ஃபோர்மேன் காதில் ஒரு வார்த்தை போட்டிருந்தார், அவ்வளவுதான். அவர் போன மூன்று நாளில் அவர் பின்னால் பதினான்கு பேர் போனார்கள். பதினோராவது வாரம் சங்கம் தோற்றது. அந்தப் பதினான்கு பேர்மேலும் மழை வழக்கம்போலப் பெய்தது; முதலில் போனவரை மட்டும் விட்டுவிட்டது.

கிடங்கு கிடைத்தது. கம்பி வலைக்குப் பின்னால் ஒரு முக்காலி. சாமான் வாங்க வருகிறவர்கள் துண்டுச் சீட்டை வலைக்குள் நுழைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவரும் அவரோடு பேசுவதில்லை. வீட்டுக் கதவில் யாரோ சுண்ணக்கட்டியால் ‘கருங்காலி’ என்று எழுதினார்கள். மற்ற வீடாக இருந்தால் அடுத்த மழையில் அழிந்திருக்கும். இங்கே அவர் வாசலில் நிற்கும்போதெல்லாம் கதவு நனையாததால் எழுத்து வெகுநாள் இருந்தது. கடைசியில் மேவிஸ்தான் ஈரத்துணியால் துடைத்தாள். மழை நாட்களில் ஹோரஸ் வேலைக்குக் கிளம்புமுன் புழக்கடையில் நின்று, பூவாளியால் தன் தொப்பியிலும் தோளிலும் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். எல்லோரையும்போல நனைந்து போய்ச் சேரவேண்டும் என்பது எண்ணம். பக்கத்து வீட்டு ஜன்னல் திரை அசைவது தெரியும். தெரிந்தும் ஊற்றிக்கொள்வார். அவர்கூட வெளியே போகும்போது மேவிஸ் நான்கு அடி தள்ளியே நடப்பாள். அந்த வட்டத்துக்குள் வந்தால் அவளும் நனையாமல் இருக்கலாம். அவள் நனைந்தபடியே நடந்தாள். ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

பழைய காசு போய்ப் புதுக் காசு வந்த 1971ஆம் வருடம் அது. ஜூலைக் கடைசியில் தொழிற்சாலை மூடும்போது, தொழிலாளர் மன்றம் வெள்ளி முதல் திங்கள் வரை பார்மத் கடற்கரைக்குப் பஸ் விடுவது வழக்கம். இருபது வருட உறுப்பினரின் பெயரை அடிக்க விதியில் இடமில்லாததால் ஹோரஸுக்குக் கடைசி வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். நான் வரவில்லை என்றார் அவர். மேவிஸ் பெட்டியைப் பூட்டிக்கொண்டே பேசினாள்.

“நான் ஒரு தப்பும் பண்ணல. நான் போறேன். நீ வர்றதும் வராததும் உன் இஷ்டம். ஆனா வந்தா அந்தப் பூவாளிய எடுத்துக்கிட்டு வராத.”

அவர் போனார். ஷ்ரூஸ்பரி தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. வெல்ஷ்பூலில் தேநீருக்கு நிறுத்தியபோது எல்லோரும் தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். ஹோரஸ் இறங்கவே இல்லை. வேல்ஸுக்குள் மலை ஏற ஏறப் பஸ்ஸின் கூரை ஒழுக ஆரம்பித்தது. முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு இருக்கைக்கு இருக்கை. சாண்ட்விச் நனைந்தது, சீட்டுக்கட்டு நனைந்தது, பாட்டு நின்றது. கடைசி வரிசையில் மட்டும் ஆறு இருக்கை காய்ந்து கிடந்தன. குழந்தைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தாய்மார்கள் அவர்கள் தலையைப் பிடித்து முன்பக்கம் திருப்பினார்கள். ஹோரஸ் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் கோட்டு காய்ந்திருப்பது, திருடிய கோட்டை எல்லோர் முன்னாலும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல அவருக்குக் கூசியது.

டினாஸ் மௌத்வி தாண்டிக் கணவாய் ஏற்றத்தில் பஸ் ஆவி விட்டு நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் பைதவே வீட்டுக் குழந்தைக்கு மூச்சு முட்டியது. வில்ஃப் பைதவே ஹோரஸின் பக்கத்துப் பட்டறையில் பதினெட்டு வருடம் நின்றவர். ஒரே டப்பாவிலிருந்து புகையிலை எடுத்தவர்கள் இருவரும். வில்ஃபுக்கும் அவர் மனைவி டோரீனுக்கும் வெகுகாலம் கழித்து, வேலைநிறுத்தத்தின் ஆறாவது வாரத்தில் ஒரு பெண் பிறந்தது. ஜில்லியன் என்று பெயர். ஞானஸ்நானத்துக்கு ஹோரஸ்தான் ஞானத்தந்தை என்று பேசி வைத்திருந்தார்கள். ஒன்பதாவது வாரத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு இல்லை. இப்போது எட்டு மாதக் குழந்தை, நாய்க்குட்டி குரைப்பதுபோல இருமி, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போக, உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. ஒரு மைல் கீழே ஒரு பண்ணை வீட்டில் புகை தெரிகிறது, அங்கே போய் வெந்நீர் ஆவி காட்டினால் தேவலை என்று டிரைவர் சொன்னார். குடையை விரித்தார்கள், காற்று அதைத் திருப்பிப் பிய்த்து எறிந்தது. இந்த மழையில் இந்தக் குழந்தையை ஒரு மைல் தூக்கிப்போவது எப்படி என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லோரும் கடைசி வரிசையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

டோரீன் குழந்தையோடு நடைபாதையில் நடந்து வந்து அவர் முன்னால் நின்றாள்.

“ஹோரஸ், எந்திரி.”

எட்டு மாதத்தில் ஊர்க்காரர் ஒருவர் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவர் எழுந்தார். குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, “கீழ போட்டுடாத” என்றாள். ஹோரஸ் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சரிவில் இறங்கினார். மலை முழுக்க மழை படுக்கைவசத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஓடைகள் ரோட்டுக்கு வந்துவிட்டன. வட்டத்துக்குள் குழந்தையின் கம்பளி நுனிகூட நனையவில்லை. டோரீனும் மேவிஸும் கொஞ்ச தூரம் வெளியே நடந்தார்கள். பாதி வழியில் டோரீன் வழுக்கி விழப்போய் அவர் முழங்கையைப் பிடித்தாள். பிடித்த கையை எடுக்கவில்லை. மேவிஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தப் பக்கமாக உள்ளே வந்து இன்னொரு முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்தன்று நடந்ததுபோல நேராக நடந்தார் ஹோரஸ். கண்ணில் தண்ணீர் வந்தது. மழை என்று சொல்லவும் வழியில்லை.

பண்ணை வீட்டுக்காரி கெட்டிலை அடுப்பில் ஏற்றி, போர்வையால் கூடாரம் போட்டு, குழந்தையை ஆவிக்குள் வைத்தாள். கால் மணி நேரத்தில் இருமல் இளகியது. நீலம் போய்ச் சிவப்பு வந்தது. அதன் பிறகுதான் அவள் நிமிர்ந்து, கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்தாள்.

“உள்ள வாங்க. நீங்க ஒருத்தர்தான் என் தரைய ஈரமாக்க மாட்டீங்க.” தேநீரை ஊற்றிக்கொண்டே சொன்னாள். “எங்க தாத்தா ஊர்லயும் ஒருத்தர் இப்படி இருந்தாராம். ஸ்லேட்டுக் குவாரில வேலைநிறுத்தம் நடந்தப்போ. எம்பது வயசு வரைக்கும் இப்படியேதான் இருந்தாராம். அறுப்புக் காலத்துல வைக்கோலுக்குக் காவல் நிக்க அவரத்தான் கூப்பிடுவாங்களாம்.”

ஹோரஸ் கோப்பையைக் கீழே வைத்தார். இத்தனை நாள் இது தனக்கு மட்டும் வந்த விசித்திரம் என்றாவது நினைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது, ரேகை பார்த்துச் சொல்வதுபோல முன்பின் தெரியாத ஒருத்திகூடப் பார்த்த மாத்திரத்தில் காரணத்தைப் படித்துவிடுகிறாள். எண்பது வயது வரைக்கும். அவருக்கு அப்போது நாற்பத்தாறு.

சாயங்காலம் வேறு பஸ் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. பார்மத்தில் மூன்று நாளும் மழை. சனிக்கிழமை காலை விடுதி மேசையில், ஹோரஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, எதிர் மேசைப் பெண் மேவிஸிடம் கேட்டாள்: “உன் வீட்டுக்காரரக் கொஞ்சம் மணல்ல வந்து நிக்கச் சொல்லேன். பிள்ளைங்க ஒரு கோட்டையாவது கட்டட்டும்.” மேவிஸ் அவர் பக்கம் திரும்பி அதையே சொன்னாள். அவர் போய் நின்றார். காலைச் சுற்றிக் குழந்தைகள் மணலைக் குவித்தார்கள். தள்ளுவண்டிகளை அவரை ஒட்டி நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்குக் கழுதைச் சவாரி விடுகிறவன்கூடச் சேணம் காய ஒரு கழுதையைக் கொண்டுவந்து கட்டினான். அவருக்கென்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடலோர விளக்குக் கம்பத்திடம் யாரும் பேசுவதில்லையே, அதுபோல. அன்று பகல் முழுக்க நின்றார். ஞாயிற்றுக்கிழமையும் நின்றார். கால் கடுத்தது. கடுக்கட்டும் என்று இருந்தது அவருக்கு.

ஞாயிறு மாலை குழந்தைகள் போனபின் கடலைப் பார்த்த பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். வில்ஃப் வந்தார். மழையில் கொஞ்ச நேரம் நின்றார்.

“தள்ளி உக்காரு.”

ஹோரஸ் நகர்ந்தார். வில்ஃப் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார், டப்பாவை நீட்டவில்லை. எட்டு மாதமாகக் கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட ஹோரஸுக்கு இப்போது ஞாபகம் வரவில்லை.

“வில்ஃப், அன்னிக்குப் பின்வாசல்ல...”

“தெரியும். பின்வாசலுக்குக் காவல் நான்தான்.”

ஹோரஸ் திரும்பிப் பார்த்தார்.

“கால்வாய்க் கரையில நீ வர்றத தூரத்துலயே பாத்துட்டேன். நடைய வெச்சே தெரிஞ்சுபோச்சு. சிகரெட் பத்தவைக்கிற மாதிரி அந்தப் பக்கமா திரும்பிக்கிட்டேன். உன் மூஞ்சியப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.” புகையை விட்டார். “பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தா திரும்பிப் போயிருப்பியா?”

ஹோரஸ் பொய் சொல்லலாமா என்று யோசித்தார். திரும்பியிருக்க மாட்டேன் என்று சொன்னால் வில்ஃபின் பாரம் குறையும்.

“போயிருப்பேன்,” என்றார்.

வில்ஃப் தலையாட்டினார். “அதான். அத நினைச்சாத்தான் ராத்திரி தூக்கம் வரல. கோவம் உன்மேல இல்ல.” சாம்பலைத் தட்டிவிட்டு, “இல்ல, உன்மேலயும்தான். அது போகாதுடா ஹோரஸ். போகும்னு எதிர்பாக்காத.”

“இல்ல.”

“பாப்பா பால் குடிச்சா. டோரீன் சொல்லச் சொன்னா.”

சிகரெட் தீரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வில்ஃப் எழுந்து மழைக்குள் போனார். ஹோரஸ் அந்த பெஞ்சிலேயே இருட்டும்வரை இருந்தார். வெட்கம் அப்படியேதான் இருந்தது. ஆனால் இத்தனை நாள் அதைத் தனியாகச் சுமந்ததுபோல இல்லை. அதன் மறுமுனையை இன்னொருவன் பிடித்திருக்கிறான் என்பது தெரிந்துவிட்டது. அதனால் பாரம் கூடிற்றா குறைந்ததா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

ஊர் திரும்பியபின் அவர் கிடங்கு வேலையை விட்டுப் பழையபடி சாவிக்குப் பல் வெட்டப் போனார். பூவாளியை மேவிஸ் செடிகளுக்கு எடுத்துக்கொண்டாள். மன்றத்தில் அவரோடு பேசியவர்கள் உண்டு, பேசாமலே செத்துப்போனவர்களும் உண்டு. அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு கல்யாணத்தன்று மழை பிடித்துக்கொள்ள, பெண்ணின் அம்மா ஆளனுப்பினாள். போட்டோ எடுக்கும் வரை மணமக்கள் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. தேதி குறிப்பவர்கள் தேவாலயத்தில் சொல்லிவிட்டு, கேக்குக்குச் சொல்லிவிட்டு, ஹோரஸிடமும் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் நல்ல ஷூவைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து இடப்பக்கம் நிற்பார். இன்னும் கொஞ்சம் உள்ளே வாங்க என்று போட்டோக்காரர் கூப்பிட்டாலும் வரமாட்டார். முகம் படத்தில் விழாமல் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். முப்பது வருடம் நின்றார். அதனால் வில்லன்ஹாலின் பழைய ஆல்பங்களில், பின்னால் மழை கம்பி கம்பியாக இறங்க, மணப்பெண்கள் உலர்ந்த வெள்ளை உடையில் சிரித்துக்கொண்டிருப்பார்கள்; ஓரத்தில் ஒரு கறுப்பு ஷூவின் முனை மட்டும் தெரியும். பார்க்கிறவர்கள் அது யார் என்று கேட்டால், மழைக்கு வந்தவர் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார்கள்.