சுவரில் நின்ற ஏசுவடியான்

நான் படித்த பள்ளிக்கூடத்தில், லென்ஸ் பாடத்தின்போது சுவரில் தலைகீழாக விழுந்தவரை, அந்த லென்ஸைப் பிடித்தவர்தான் நேராக்கி இறக்க வேண்டும். வேறு யார் பிடித்தாலும் ஆகாது. மற்ற பிள்ளைகள் மணி அடிப்பதற்குள் இறக்கிவிட்டார்கள். நான் கூடப் படித்த ஏசுவடியானை விழவைத்துவிட்டு, லென்ஸை டவுசர் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஆறாம் வகுப்போடு படிப்பும் நின்றது.

காரணம் இருந்தது. என் அப்பா குடித்துவிட்டுத் தெருவில் விழுந்ததை அவன் வகுப்பில் நடித்துக் காட்டினான். டீச்சர்கூடச் சிரித்தார்.

ஐம்பத்தோரு வருடம் ஆயிற்று. வெள்ளையடிப்பவர்கள் அவனை விட்டுவிட்டுச் சுற்றி அடித்தார்கள். சுவரிலேயே அவனுக்கு மீசை முளைத்து நரைத்தது. சுவரில் இருப்பவர்களுக்குச் சத்தம் கிடையாது. வருடம் ஒருமுறை ஜன்னலோரம் போய் நிற்பேன். அவன் ஒரு கும்பிடு போட்டிருந்தால் அன்றே இறக்கியிருப்பேன். அவனோ விரல்களை மேல்நோக்கி உதறி 'போ, போ' என்பான். திரும்பிவிடுவேன்.

போன வியாழக்கிழமை, இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கும் கிரேஸ்லின் டீச்சர் என் சைக்கிள் கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, நாளைக்குக் கட்டடத்த இடிக்காங்க. அவரையும் சேத்து இடிச்சிரவா?"

"அவன் மொதல்ல மன்னிப்புக் கேக்கட்டும்."

"தலைகீழா நிக்கிறவரு என்னத்தக் கேப்பாரு? வீம்ப விட்டுட்டு வாங்க."

போனேன். பீடி பற்றவைத்தே லென்ஸ் மங்கியிருந்தது. அன்றைய உயரம் வருவதற்காக முட்டி போட்டுப் பிடித்தேன். ஏசுவடியான் மெல்லச் சுழன்று நேரானான். அதே கையை, அதே மாதிரிதான் ஆட்டினான். இப்போது உள்ளங்கை கீழே இருந்தது. விரல்கள் அவன் பக்கமாக மடங்கின. 'வா, வா' என்றான்.

லென்ஸை மெல்லத் தாழ்த்தி அவனைத் தரையில் இறக்கினேன்.

இறங்கியதும் அவனுக்குச் சத்தம் வந்தது. "ஏலே பலவேசம், எத்தன தடவல கூப்பிட? கை கடுக்குது."

"வெரட்டுதன்னு நெனச்சேன்."

"உன்ன வெரட்டிட்டு நான் யாரல நம்பி அங்க நிக்க? உங்கப்பா மாதிரி நடிச்சது தப்புல. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அவனுக்கென்று வீடு இல்லை. என் வீட்டுக்குப் போகலாம் என்று பஸ் ஏறினோம். சுவரிலிருந்து இறங்கியவர்களுக்கு ஜன்னல் கண்ணாடியில்தான் இடம் என்றார் கண்டக்டர். ஏசுவடியான் கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்தான். எங்கள் நிறுத்தம் வந்தபோது, கண்ணாடியில் இருப்பவரை இறக்க டெப்போவில் மனுக் கொடுக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை ஆகும் என்றார்.

நான் இறங்காமல் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன்.